எண்ணெய் பட்ட பிரேக்

என்னங்க, நீங்கள் கிளம்பியதுமே வாசலில் படாரென்று ஒரு சத்தம். பிரேக் போட்டு நிறுத்தியிருந்த பாப்பா வண்டி தானாக உருண்டு, படிக்கட்டுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, பாப்பா என் இடுப்பில் இருந்தாள்.

கிறீச் சத்தம் போகட்டும் என்று முந்தாநாள் நீங்கள் விட்ட எண்ணெய், பிரேக் முழுக்க வழிந்திருக்கிறது. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா? சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, பிடிக்கிறதா என்று பாருங்கள். அதுவரை உங்கள் தங்கை தன் குழந்தைக்கு என்று வந்து கேட்டாலும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. பாப்பாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பி.கு.: சாயங்காலம் எங்களை எதிர்பார்க்க வேண்டாம். வண்டியை மேலே தூக்கிவர உதவிய கீழ்வீட்டு அக்கா இப்போதுதான் கேட்டார்:

"நேத்து பாப்பா வண்டிக்குள்ள இருக்கறப்பவே உருண்டுச்சேம்மா, நான்தான் பாய்ஞ்சு புடிச்சேன். உன் வீட்டுக்காரர் சொல்லவே இல்லையா?"