கேசட் விழுங்கும் வரி

என் அன்பான அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், கோவித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள்.

பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் நாமக்கல்லில்தான் இருக்கிறேன். நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, பண்ணையில் உன் கம்ப்யூட்டரைத் தொட ஆள் இல்லை. "நீயும் காலேஜ் படிச்சவதானே சாமி" என்று அப்பா என்னை அதன்முன் உட்கார வைத்துவிட்டார். நான் படித்தது தாவரவியல். அவரிடம் யார் சொல்வது?

எந்தக் கோழிக் கொட்டகைக்கு என்றைக்கு ஊசி போட்டோம் என்பதை அது ஒயரில் மாட்டிய டேப்ரெக்கார்டர் வழியாகப் பாட்டுக் கேசட்டில் பதிகிறது. திரும்பப் படித்தால் சில சமயம் முதல் வரியை விழுங்கிவிடும். அதற்காக நீ முதலில் 'காக்கா' என்று ஆங்கில எழுத்தில் ஒப்புக்கு ஒரு வரி அடிப்பாய். நாம் சாப்பிடும் முன் காக்காய்க்கு ஒரு பிடி வைப்பதில்லையா என்று சிரிப்பாய். அது புரிந்தது. மற்றதெல்லாம்? டேப்ரெக்கார்டர் ஒயரை ஏன் பிடுங்கி மறுபடி சொருகினாய்? எது மெஷினுக்காக, எது உன் பழக்கம்? தெரியாததால் எல்லாவற்றையும் செய்கிறேன்.

"ஃபேனை நிறுத்து சாமி. அவ நிறுத்துவா" என்கிறார் அப்பா.

"எதுக்குங்கப்பா? பாப்பா அழுவுது."

"எனக்கென்ன தெரியும்? அவ நிறுத்துவா, நான் வேர்வையத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

நேற்று படித்துப் பார்த்தால் காக்கா வரி பத்திரமாக இருக்கிறது. கடைசிக் கொட்டகையைக் காணோம்! அந்தக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டோமா, இல்லையா? கொட்டகையில் வேலை செய்யும் பாவாயி, "போட்டாச்சுங்க, நாந்தான் புடிச்சுக் குடுத்தேன்" என்கிறாள்.

"அது பக்கத்துக் கொட்டாயிடி. உனக்குக் கோழி மூஞ்சி அடையாளம் தெரியுமா?" என்கிறான் அவள் புருஷன்.

"உம்மூஞ்சியவே பாத்துப் பாத்து எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அவர்கள் சிரிக்கிறார்கள். போடாமல் விட்டு நோய் வந்தால் கொட்டகையே காலி; போட்டதற்கே மறுபடி போட்டால் குஞ்சுகள் தாங்குமா என்றும் தெரியவில்லை.

பயத்தில் உன் பழைய கேசட்டை ஓட்டினேன். ஒவ்வொரு பதிவிலும் கடைசிக் கொட்டகைக்குக் கீழே இன்னொரு வரி: என் பெயர். சிலவற்றில் பாதிப் பெயர்தான் மிச்சம். முன்னால் காக்காய், பின்னால் நான். எதற்கு அக்கா? தின்றால் தின்னட்டும் என்று வைத்தாயா, காவலுக்கு நிறுத்தினாயா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இனி நானும் முடிவில் ஒரு வரி வைப்பேன், சத்தியமாக. உன் பெயரை அதன் வாயில் வைக்க மனசு வராது. என் பெயரையே வைக்கிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னட்டும்.

அந்தக் கொட்டகைக்குத்தான் வழி தெரியவில்லை. அப்பா கால்நடை டாக்டரைக் கேட்கப் போகிறார். நீயாக இருந்தால் ஊசி போடுவாயா, விடுவாயா? சீக்கிரம் பதில் போடு.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி