சத்தமில்லாத மோட்டார்

செவ்வாய், இரவு

நெடுநேரம் யோசித்து இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். நெசவாளர் தனபால் வீட்டு மோட்டார் இனி முனகக் கூடாது.

பட்டு நூல் சுற்றும் அந்த மோட்டாருக்கு வேகக் கன்ட்ரோலர் செய்து கொடுத்தவன் நான். அது மின்சாரத்தை நொடிக்கு ஐந்நூறு முறை வெட்டித் தருகிறது. அந்த வெட்டுதான் காதில் விழுகிறது.

"நாள் பூரா கொய்ங்குனு கத்திகினே கீது தம்பி. ஒரே பேஜாரு" என்றார் தனபால்.

மைக்ரோகன்ட்ரோலரின் பிடபிள்யூஎம் அதிர்வெண்ணுக்கு, அதாவது நொடிக்கு எத்தனை வெட்டு என்பதற்கு, எல்லை கணக்கிட்டேன். கடிகாரம் பதினாறு மெகாஹெர்ட்ஸ். கீழே அறுபத்தொரு ஹெர்ட்ஸ், மேலே அறுபத்திரண்டரை கிலோஹெர்ட்ஸ் வரை போகும். முப்பத்தொரு கிலோஹெர்ட்ஸில் வைத்தேன். மனிதக் காதுக்கு எட்டாது. வௌவால்கள் இதுவரை என்னிடம் புகார் கொண்டுவந்ததில்லை.

"இப்பதான் இது வூடு மாரி கீது" என்று டீ கொடுத்தார்.

மாலையில் போன் வந்தது. நூல் அறுந்ததும் அவர் மனைவி மல்லிகா அக்கா வேகத்தைக் குறைக்கும் குமிழைத் திருகியிருக்கிறார். முனகல் ஓய்ந்தால் மோட்டார் நின்றுவிட்டது, உள்ளே கையை விடலாம் என்பது அந்த வீட்டுப் பழக்கம். சுவிட்சை யாரும் தொடுவதில்லை. கண் அறுந்த நூலைத்தான் தேடும். மோட்டார் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது; விரல் சிக்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா என்னைத் திட்டவில்லை. "சத்தமே இல்லியே தம்பி. நின்னுபோச்சுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கணவரிடம், "கத்தினா கத்திட்டுப் போவுதுன்னு உட்டிருக்கலாம் இல்ல?" என்றார்.

திரும்பும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய அதிர்வெண்ணையே வைத்துவிட்டு வந்தேன். தறியில் பாதிச் சேலை நிற்கிறது. அக்காவின் ஆள்காட்டி விரலில் தையல் போட்டிருக்கிறார்கள். கட்டுத் துணியில் பட்டு இழை சிக்கும் என்பதால், கட்டுப் பிரிக்கும்வரை அவர் தறியில் உட்கார முடியாது.