பிளேன் திடலைக் களம் என்கிறார்கள், மாப்ளே

என் பிரியமுள்ள காதர் மாப்ளைக்கு,

போன வெள்ளிக்கிழமை கடையநல்லூருக்கு வந்திருந்தேன். மையவாடி வாசல் வரைக்கும் வந்தேன், உள்ளே வரவில்லை. உன்னோடு சண்டை போடுகிற கோபத்தில் வந்தவன் நான். செத்துப்போனவன் தலைமாட்டில் நின்று சத்தம் போட்டால் ஊர் என்ன சொல்லும்? அதனால் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதலில் கெட்ட செய்தி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பிளேனுக்குக் காட்டுகிற நம் காத்துப்பைக் கம்பத்தை வெட்டிவிட்டார்கள். பட்டப்பகலில், மெஷின் வாள் கொண்டுவந்து, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நீ கடையநல்லூர்த் தறித் துணி வாங்கி, தையல்காரரிடம் அரைநாள் உட்கார்ந்து தைத்து வாங்கின ஆரஞ்சுப் பை, முள்ளுச்செடியில் சிக்கிக் கிடந்தது. ஆடிக் காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து அடித்து வருஷா வருஷம் அதைக் கிழிக்கும், நீயும் வருஷா வருஷம் புதுசு கட்டுவாய். காற்று கிழித்தபோது எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

யார் வெட்டினது என்று கேட்பாய். பிளாட் போட வந்தவர்கள். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போட வில்லாவாம். "அருவியைப் பார்த்த வீடு" என்று இலத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் போர்டு வைத்திருக்கிறார்கள். நம் திடலில் நின்றால் எந்த அருவி தெரியும்? அருவிக்குப் போகிற கார் வரிசைதான் தெரியும்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ரெண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் அவசரத்துக்குப் போட்ட விமான ஓடுபாதை அது. சண்டை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். நாங்கள் அதைப் பிளேன் திடல் என்போம். இந்தக் காதர்மைதீன் வளைகுடாவில் ஒரு ஏர்போர்ட்டில் வாலிபம் முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு ஊர் திரும்பினவன். வந்த மூன்றாம் நாள் திடலைப் போய்ப் பார்த்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், தரை இரும்பா கெடக்கு. முள்ள வெட்டுனா போதும், நாளைக்கே ஒரு சின்ன பிளேன் எறங்கும்" என்றான். எந்தக் கிறுக்கன் இங்கே இறங்கப்போகிறான் என்றேன். முள்ளை என்னவோ ரெண்டு பேரும்தான் வெட்டினோம்.

இறங்கவும் செய்தார்களே மாப்ளே. சாரல் மூட்டத்தில் வழி தெரியாமல் சுற்றின அந்த ரெண்டு சீட்டுப் பயிற்சி விமானம் ஞாபகமிருக்கிறதா? இறங்கின பையன்கள் ரெண்டு பேரையும் உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உன் வீட்டுக்காரி பாத்துமா தங்கச்சி கொடுத்த சோற்றை அவர்கள் தின்ற வேகத்தை நீ மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் ஆள் எடுக்கும்போதெல்லாம் சிவகிரி வரைக்கும் உள்ள பிள்ளைகள் ஓடிப் பழகுவது இங்கேதான். விடிந்ததும் ஓடிவிட்டு, வெயில் ஏறுமுன் போய்விடுவார்கள். அப்படிப் போகும்போது ஆளுக்கு ஒரு கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட வேண்டும், அது நீ போட்ட சட்டம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

கம்பத்தை வெட்டின மறுவாரம் தாலுகா ஆபீஸுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, பழைய வரைபடமும் படங்களும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த அதிகாரிக்கு என் மகன் வயசு இருக்கும். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். என் பையை அவர் திறக்கவே இல்லை. ஒரு ஃபைலை என் பக்கம் திருப்பிவைத்து, "இது யாரு கையெழுத்து, தெரியுதா?" என்றார்.

உன் கையெழுத்து.

"மேற்படி திடலை ஊர் விவசாயிகள் நெல் காயப்போடும் களமாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கீழே ஆங்கிலத்தில் காதர்மைதீன், வளைத்து வளைத்து. "உங்க ஆளே களம்னு எழுதிக் கொடுத்திருக்காரே. நாங்களும் களம்னுதான் ரெக்கார்டுல ஏத்தியிருக்கோம். களத்தை மாத்திக்கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு. விமான நிலையம்னா மேல எழுதிக் கேக்கணும். இது விமான நிலையம் இல்லையே" என்றார்.

ஏன் மாப்ளே எழுதினாய்? எழுதுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஊரில் சைக்கிள் வாங்குவதற்குக்கூட என்னிடம் கேட்டவன் நீ.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். வேலி போட நம்மிடம் வக்கில்லை. காவலுக்கு ஆள் போட முடியாது. ஊர்ச்சனம் புழங்குகிற இடத்தில் எவனும் கம்பி ஊன்ற மாட்டான், நெல்லைப் போட்ட பொம்பிளைகளே காவல் என்று நீ நினைத்தாய். அதற்கும் சட்டம் போட்டாய். நெல் வடக்குப் பாதியில் மட்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. உன் டிவிஎஸ் ஹாரன் விடாமல் அடித்தால் பிளேன் வருகிறது என்று அர்த்தம், உடனே வாரிவிட வேண்டும். இதெல்லாம் சரிதான். இதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் உன் கை தேய்ந்தா போயிருக்கும்?

நடுக்கோட்டைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் கூத்தையும் கேள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்து மிச்சமான சுண்ணாம்பை வீடு வீடாக வாளியில் வாங்கி நீ போட்ட கோடுதானே. இப்போது யார் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்? மிச்சமான பெயின்டைத் தருகிறார்கள். கோடு கொஞ்ச தூரம் கிளிப்பச்சை, கொஞ்ச தூரம் ரோஸ், உன் மகன் வீட்டுப் பக்கம் கத்தரிப்பூ. அதன் போட்டோவையும் அந்த ஃபைலில் வைத்திருக்கிறார்கள். "எந்த ஏர்போர்ட்லங்க கத்தரிப்பூ கலர்ல கோடு போடுவாங்க?" என்று பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். எனக்குச் செவிட்டில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஒரு ஊரே தன் வீட்டுச் சுவருக்கு வாங்கின பெயின்டில் மிச்சம்பிடித்துப் போட்ட கோடு ஐயா அது! எந்த ஏர்போர்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது?

திடலை நேரில் பார்க்க வருகிறோம் என்றார்கள். வருகிற நாளையும் பார்த்துத்தான் வைத்தார்கள், கார் நெல் அறுப்பு முடிந்த வாரம். வடக்குப் பாதி முழுக்க நெல். ஜீப்பை விட்டு இறங்கினதும் அதிகாரி நெல்லைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். பிளாட்காரர்களின் ஆள் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது இசக்கியம்மா வந்தாள்.

ஆமாம், அதே இசக்கியம்மாதான். உன்னோடு பேச்சுவார்த்தை முறித்தவள். அந்த ஐப்பசி மழையில் ஊரெல்லாம் முழங்கால் தண்ணீர், தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் நனைந்த நெல்லோடு எல்லாரும் மேடான நம் திடலுக்கு ஓடினார்கள். சர்ச் தெரு மேரிக்கு வலி கண்டு ரெண்டு நாளாகிப் பிள்ளை திரும்பவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஹெலிகாப்டர் வருகிறது என்று தகவல் வந்ததும் நீ ஹாரனை அழுத்திக்கொண்டே திடலைச் சுற்றினாய். மற்றவர்கள் வாரிவிட்டார்கள். புருஷன் போலீஸ் வேலையாக வெளியூரில் இருக்க, ஒற்றை ஆளாக வாரமுடியாமல் நின்றவள் அவள். ஹெலிகாப்டர் இறங்கின காற்றில் அவள் நெல் பூராவும் பறந்து பக்கத்துக் குளத்துக்குள் விழுந்தது. மேரி பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இசக்கியம்மா மட்டும் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்கும் அவள் வீட்டிலிருந்து உனக்குச் சொட்டுச் சுண்ணாம்பு வந்ததில்லை. நீ கண்ணை மூடும்வரை அது உனக்கு ஒரு குறைதான் என்று எனக்குத் தெரியும்.

அவள் நேராக அதிகாரியிடம் வந்தாள். இவள் ஒருத்தி போதுமே, திடலில் பிளேன் கூடாது என்று சொல்வதற்கு. அதிகாரியும் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "என்னம்மா, நெல்லு யாருது?" என்று கேட்டார்.

"எங்களதுதான்."

"அப்ப இது உங்க களம்தானே?"

"களமா? யாரு சொன்னா? இது பிளேன் திடல்லா. நாங்க ஓரமா காயப்போடுதோம். அங்கன கோடு கெடக்குல்லா, அதத் தாண்ட மாட்டோம்."

"விமானமே வராத இடத்துல என்னம்மா பிளேன் திடல்?"

"வராமலா எம் நெல்லு பூராம் பறந்து கொளத்துல விழுந்துச்சு?" இசக்கியம்மாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "அந்த வருசம் வெதைக்கக்கூட நெல்லு இல்லாம நின்னேன் சார். அந்த மைதீன் அண்ணாச்சிய நான் ஏசாத ஏச்சில்ல."

"கோபம் இருக்கத்தானே செய்யும். ஹெலிகாப்டர் வந்தது தப்புதானே?" அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார்.

அவள் திடலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அது எப்பிடி சார் தப்பாவும்? பிளேன் எறங்குத எடத்துல நெல்லப் போட்டது எந் தப்புல்லா? அண்ணாச்சி ஹாரன் அடிச்சாவ. கோட்டத் தாண்டிப் போட்டவ நாந்தான். இத அவருகிட்டச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. நான் விட்டேனா? "சார், அந்தம்மா சொன்னத அப்படியே எழுதுங்க. உங்களுக்குத் தோதா இருந்தா எழுதியிருப்பீங்கல்லா, இதையும் எழுதுங்க" என்றேன். சுற்றி நின்ற பொம்பிளைகள் எல்லாரும் "எழுதுங்க, எழுதுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதினார். கிளார்க் வாசித்துக் காட்டினார். இசக்கியம்மா கையெழுத்துப் போட்டாள், உன் கையெழுத்துக்குப் பதில் கையெழுத்து.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ளாதே. விஷயத்தை மேலே எழுதிக் கேட்கிறோம் என்றிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து மறுபடியும் வருவார்களாம். போர்டு இன்னும் விலக்கில்தான் நிற்கிறது. எழுத்தில் இருப்பதை அழிக்க ஆயிரம் வழி தெரிந்தவர்கள், நான் ஒன்றும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஒரு ஊர் தன் திடல் எது என்று பொம்பிளைகளைச் சாட்சிக்கு நிறுத்தித்தான் சொல்ல வேண்டுமா, மாப்ளே?

நேற்றுக் காலையில் இசக்கியம்மா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய வாளி பெயின்ட், மூடி திறக்காதது, சுத்த வெள்ளை. "பொங்கலுக்கு இன்னும் நாளு கெடக்கே ஆத்தா, வீட்டுக்கு அடிச்சிட்டு மிச்சத்தக் கொடு" என்றேன். "மிச்சத்தக் கொடுத்தாக் கடன் தீராது அண்ணாச்சி. வீட்டுக்கு வாங்கல, கோட்டுக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

புதுக் கம்பம் ஊன்றியாகிவிட்டது. பைக்குத் துணி உன் மகன் கொண்டுவருகிறான். பொங்கலன்று காலையில் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைவரை கோட்டை நான் போடுவேன். உன் கத்தரிப்பூவை அழிக்க மாட்டேன், அதன் மேலும் கீழும் இசக்கியம்மாவின் வெள்ளை ஓடும். கால் வலித்தால் உட்கார்ந்து உட்கார்ந்து போடுவேன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எவனும் கம்பி ஊன்ற நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளேயே வருகிறேன். சண்டை தீர்ந்துவிட்டது.

உன்னோடு முள் வெட்டின கையால்,
உன் மச்சான்
சண்முகவேல்