உன்னைப் பற்றிக் கேட்டாள்

ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகாராணிக்கு,

யாரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். உன்னிடம் வந்துசேர விசா வேண்டுமே, அதற்காக ஜெர்மன் முதல்நிலைத் தேர்வுக்குப் போனேன். என் உச்சரிப்பைக் கேட்டு நம் சீனத்துச் சிங்தாவ் கடல் இரண்டு மைல் பின்வாங்கியது. தேர்வாளர் அம்மாள் ஜெர்மனிக்கே மந்திரியாகும்படி என்னைக் கெஞ்சினாள்.

பிறகு கேட்டாள்: "உங்க மனைவியப் பத்திச் சொல்லுங்க."

அந்நியரிடம் மனைவியைப் புகழ்வது நம் வழக்கமா? "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று அடக்கமாக நிறுத்திக்கொண்டேன்.

தேற அறுபது வேண்டும், ஐம்பத்தெட்டு வந்தது. பக்கத்து வீட்டு ஹோவ் சிரித்தார்: "ஊரையே வாயால அளப்பீரே, பொண்டாட்டிக்கு நாலு வார்த்தை கிடைக்கலையாய்யா?"

வசந்த விழாப் புத்தாண்டுக்கு எனக்கும் சேர்த்துக் கொழுக்கட்டை மாவு பிசையாதே, அதற்குள் வர முடியாது.

கடல் பொய். மந்திரி பொய். அடக்கமும் பொய். உன்னைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுபோனது மட்டும் உண்மை.

உன் வாயாடிக் கிழவன்