வெறுங்காணிப் படம்

பேர்லின்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் துவாரகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையொன்றுமில்லை, அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டும். தொலைபேசியில் நீ அவசரப்படுவாய், எனக்கும் வாய் வராது, அதனால் எழுதுகிறேன். என் சீதனக் காணியை என் சார்பில் சித்தப்பா விற்க அற்றோணித் தத்துவம் எழுதித் தரச்சொல்லி நீயும் ஊரிலிருந்து இராசலிங்கம் சித்தப்பாவும் நெருக்குகிறீர்கள். அதில் கையெழுத்துப் போட வருகிற செவ்வாய்க்கிழமைக்குத் தூதரகத்தில் நேரம் கேட்டு டெர்மினும் எடுத்திருந்தேன். யாருமில்லாத வெறுங்காணி என்று சித்தப்பா அனுப்பிய படத்தை நீ நம்பிவிட்டாய்.

நான் காவல் நிற்கும் அருங்காட்சியகத்தில் இப்போது உன் அமெரிக்காவின் ஓவியங்கள்தான், நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய மலையும் அருவியும். பழைய கோட்டை கொத்தளம் இல்லாத அந்தப் புது நாடு இந்த நிலத்தைக் காட்டித்தான் இதுவே நாங்கள் என்று பெருமைப்பட்டதாம், மனிதர் கால்படாத நிலமாம், விளக்கம் சொல்லும் பெண் தினமும் சொல்கிறாள். ஆறு கிழமையாக ஒரே ஓவியத்தின் முன் நிற்கிறேன். கீழ் மூலையில் ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிகிறது, அது யார் நடந்து தேய்ந்தது? கேட்கக் கூச்சம், கேட்கவில்லை. கூட நிற்கும் மரியமலர் அக்காவிடம் சொன்னேன். "பட்டம் எடுத்த பிள்ளையைக் காவலுக்கு விட்டா இதுதான், சனத்தைப் பாக்கச் சொன்னா படத்தைப் பாக்கிறீர்" என்று சிரித்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு அது தேவைதான்.

அன்று வீட்டுக்கு வந்து சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பற்றை, இரண்டு பனை, ஓரத்தில் கிளுவை வேலி. வருடாவருடம் வெட்டாவிட்டால் கிளுவை மரமாகிவிடும். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டுப் பதினெட்டு வருடம், வேலியோ நெஞ்சளவில் ஒழுங்காக நிற்கிறது. சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அங்க ஆர் மச்சாள் இருக்கினம்" என்றார். வேலியைச் சொன்னதும், "அது இடம்பெயர்ந்து வந்த சனம், பின்பக்கம் கொட்டில் போட்டிருக்குதுகள். வித்தா எழும்பிப் போவினம், படத்துக்கை ஏன் அவையள்" என்றார். பன்னிரண்டு வருடமாக இருக்கிறார்களாம். அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். தெரியாதாம்.

உனக்கும் இது முன்பே தெரியுமா மகன்? கேட்கப் பயமாக இருந்தது, கேட்டுவிட்டேன், மறைக்காமல் எழுது. டெர்மினை ரத்துச் செய்துவிட்டேன், அப்பாவும் ஓம் என்றுவிட்டார். சித்தப்பாவை நடுவில் விடாமல் காணியில் இருக்கிறவர்களோடு நீயே பேசு, விற்பதா விடுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நல்லூரான் உன்னைக் கைவிடமாட்டான். அந்தப் பெண்ணின் பெயர் வந்து சேராமல் என் கையெழுத்து வராது.

உன் அம்மா,
பார்கவி