செவிலிமேட்டின் நாற்பத்திரண்டு நாட்கள்

பிள்ளையார்பாளையம்,
நவம்பர் 23, ஞாயிறு

அன்புள்ள சுகாசினி அக்காவுக்கு,

இன்று உங்கள் மாடியில் நின்றபோது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இது நம் மழைக்குழுவுக்குப் போகாது. உங்களுக்கு மட்டும்.

புது அளவுக் குழாயைக் கொடுக்கத்தான் வந்தேன். டீ கொண்டுவந்த உங்கள் மாமியார், "இந்த டப்பாவ வெச்சிக்கினு நீங்கல்லாம் என்னாதான்மா பண்றீங்க?" என்றார். முப்பத்தோரு மாடியில் மழையை அளந்து, எங்கே எவ்வளவு பெய்தது என்று வருடத்துக்கு ஒரு வரைபடம் போடுகிறோம் என்றேன். "இன்னாத்துக்கு? நனைஞ்சவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாரே, அதற்கு நாம் இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே பார்த்துவிட்டேன். மாடி முழுக்கப் புது ஷீட் கூரை. அதன் அடியில் உங்கள் வீட்டுக்காரரின் தையல் மிஷின். மிஷினுக்குப் பக்கத்தில் உங்கள் மழைமானி. உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது.

காலையில் குழுவுக்கு நீங்கள் அனுப்பியிருந்தது: செவிலிமேடு, 17.8 மி.மீ.

வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களைப் புரட்டினேன். மூன்று வருடமாக எட்டரைக்கு அளந்து முதல் ஆளாக அனுப்பியவர் நீங்கள். அக்டோபர் 13 முதல், உங்களுக்கு இருபுறமும் இருக்கிற ஓரிக்கையும் திருப்பருத்திக்குன்றமும் அனுப்பிய பிறகுதான் உங்கள் எண் வருகிறது. அந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உங்கள் எண். நவம்பர் 18 அன்று ஓரிக்கையில் 70.2, திருப்பருத்திக்குன்றத்தில் 12.4. நீங்கள் 41.3. அதை வைத்துத்தான் ஓரிக்கை மாணிக்கவேல் சார், மேகம் செவிலிமேட்டில் பாதியாகக் கரைந்தது என்று ஒரு கட்டுரையே எழுதினார். பன்னிரண்டு பேர் இரண்டு நாள் சந்தோஷமாகச் சண்டை போட்டோம்.

குழுவில் ஒரே விதிதான். அளந்து, மழை இல்லையென்றால் பூஜ்ஜியம். அளக்கவே இல்லையென்றால் கோடு. ஏன் அக்கா கோடு போடவில்லை?

அன்புடன்,
சத்யப்ரியா


செவிலிமேடு,
நவம்பர் 25

சத்யா,

நாலு தரம் படித்தேன். நீ போட்ட கணக்கு சரி.

ஷீட் போட்ட அன்றைக்கே, ஓரமாக ரெண்டடி விடச் சொல்லி அவரிடம் கேட்டேன். "மழ வுழக்கூடாதுன்னு ஷீட்டு போடுறேன். நீ மழ வுழறதுக்கு எடம் கேக்குற பாரு!" என்றார். வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் எப்படிக் கேட்பது?

மறுநாள் காலை கோடுதான் போடப் போனேன். கை வரவில்லை. மூன்று வருடத்தில் ஒரு கோடுகூட இல்லாதவள் நான் ஒருத்திதான். டைஃபாய்டில் கிடந்தபோதுகூட சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். ஒரு நாள்தானே என்று ஆரம்பித்தது.

இந்த வீட்டில் நான் மருமகள், யுவனோட அம்மா. குழுவில் மட்டும்தான் என்னை 'செவிலிமேடு' என்று கூப்பிடுகிறார்கள். "செவிலிமேடு இன்னும் வரலையே?" என்று குரு சார் எழுதினால் எனக்கு அன்று முழுக்க நன்றாக இருக்கும்.

ஆனால் ஒன்று. நீ மாடியிலேயே கேட்டிருக்கலாம். அங்கேயே அழுது முடித்திருப்பேன். நீ டீயைக் குடித்து, முறுக்கையும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் நாற்பத்திரண்டு நாளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறாய்.

அந்த எண்களை அப்படியே விட்டுவிடேன். அதனால் யாருக்கு என்ன ஆகிவிடும்?

சுகாசினி


பிள்ளையார்பாளையம்,
நவம்பர் 27

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னது சரி. உங்கள் முகம் மாறுவதைப் பார்க்கப் பயந்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம். அது நல்ல குணம் இல்லை.

எண்களை மட்டும் விட முடியாது. எனக்கும் ஆசைதான், வரைபடம் முழுசாக இருக்கும். ஆனால் யாருடைய அளவிலாவது சந்தேகம் வந்தால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது உங்கள் எண்ணைத்தான். அதை வைத்துத்தான் மற்றவர்களுடையதைத் திருத்துகிறேன்.

நாற்பத்திரண்டு நாளுக்கும் நானே கோடு போட்டுவிடுகிறேன். காரணம் எழுத மாட்டேன். உங்கள் வீட்டுக்கு எதிரில் காலி மனை இருக்கிறது. நாலு செங்கல் அடுக்கினால் மானியை வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.

உங்கள்,
சத்யா


செவிலிமேடு,
நவம்பர் 29

சத்யா,

நாளைக்கு வர வேண்டாம். கோடும் நீ போட வேண்டாம். நான் அனுப்பிய எண்ணை நான்தான் எடுக்க வேண்டும். இப்போதுதான் குழுவுக்கு எழுதினேன், பார்த்துக்கொள்.

என் முகவரியைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. உன்மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் இனிமேல் 'செவிலிமேடு' என்று யாராவது கூப்பிட்டால் என்னால் ஏன் என்று கேட்க முடியாது.

அத்தை உன்னை விசாரித்தார். நேரத்துக்குச் சாப்பிடு.

சுகாசினி


பிள்ளையார்பாளையம்,
ஜனவரி 4, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

டிசம்பரில் இரண்டு கடிதம் போட்டேன். போனிலும் கூப்பிட்டேன். இதற்குப் பதில் வேண்டாம். குழு மின்னஞ்சல்களை நீங்கள் திறந்தீர்களா தெரியாது, நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

குழுவுக்கு நீங்கள் அனுப்பியதில் நாற்பத்திரண்டு தேதி, நாற்பத்திரண்டு கோடு. அடியில் ஒரே வரி: 'அளக்கவில்லை, பக்கத்து எண்களைக் கூட்டிப் பாதியாக்கினேன்.' அன்று மதியமே திருப்பருத்திக்குன்றம் தணிகாசலம் சார் எழுதினார்: "நான் திருப்பதி போயிருந்த ஆறு நாளுக்கும் கோடு போட்டுடும்மா. குத்துமதிப்பா எழுதிட்டேன்." அடுத்து மாணிக்கவேல் சார்: "கால் சுளுக்குன வாரம் ஜன்னல்ல பாத்துத்தான் எழுதினேன். என் கட்டுரையையும் தூக்கிடுங்க. அங்க கரைஞ்சது மேகம் இல்ல, என் மானம்."

இரண்டே நாளில் ஒன்பது பேர் எழுதிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து நூற்றுப் பதினெட்டு நாட்கள் கோடாயின. உங்களை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குரு சார் மட்டும் தினமும் "செவிலிமேடு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸோடு நிறுத்திவிட்டார்.

ஜனவரி முதல் தேதி வரைபடத்தை வெளியிட்டோம். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் திட்டு. நாங்கள் போட்டதிலேயே அசிங்கமான படம் இதுதான். இதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் நான் நம்புகிறேன். நன்றிப் பட்டியலில் 'சுகாசினி, அக்டோபர் 12 வரை' என்று இருக்கிறது.

நீங்கள் மனம் மாறுவீர்கள் என்று ஒரு மாதமாக உங்கள் முகவரியை எடுக்காமல் வைத்திருந்தேன். கேட்டதைச் செய்யாமல் இருப்பதும் சரியில்லை. இன்று காலை எட்டரைக்கு மாடிக்குப் போய் அளந்துவிட்டு வந்து, எடுத்துவிட்டேன்.

செவிலிமேட்டிலிருந்து இப்போது அளவு வருவதில்லை.

சத்யப்ரியா