குடியிருப்போர் எண்ணிக்கை

வெர்டன், செப்டம்பர் 12

அன்புள்ள ரோஸ்விதாவுக்கு,

நான் நலம். பாய்லரும் இன்று காலை வரை நலம். ஹூசும் ஊர்க் கடற்காற்றில் உன் இருமல் அடங்கிவிட்டது என்று உன் அக்கா ஹைட்ரூன் தொலைபேசியில் சொன்னார். மே மாதமே அடங்கிவிட்டதாம். இது செப்டம்பர். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நீ கிளம்பும்போது சொன்னபடி, பழைய பாய்லருக்குப் பதிலாக வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்பு வைப்பதற்கு நான்காவதாக ஓர் ஆளை வரவழைத்தேன். பெயர் ட்யாடன். முந்தைய மூவரைப் போல இவரையும் அனுப்பிவிடாதே என்று நீ எழுதத் தேவையில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். ஆனால் உள்ளே வருமுன் அவர் காலணியை மிக நீண்ட நேரம் துடைத்தார். முப்பது வருடம் எடை அளவை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். காலணியை அதிகம் துடைக்கிறவர்களுடைய தராசில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

அவர் சொன்ன முதல் விஷயமே எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய எண்ணெய் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தால்தான் மானியத்தில் ஒரு பகுதி கிடைக்குமாம். "நின்னுபோச்சுன்னா அந்த இருபது விழுக்காடு போச்சுங்க ஐயா. தாத்தாவுக்கு மூச்சு இருக்கும்போதே கையெழுத்தைப் போட்டுடுங்க" என்று பாய்லரின் முதுகில் தட்டினார். நன்றாக ஓடுவதைப் பிடுங்கி எறிய அரசு ஏன் கூடுதலாகக் காசு தர வேண்டும்? விதிகளை வரவழைத்து மூன்று முறை படித்தேன். அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்தது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் காபிக்கு முன் நிலவறைக்கு இறங்கி, அது உறுமுகிறதா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

பிறகு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். அவர் பாத்திரம் வடியும் தட்டைப் பார்த்தார்; அதில் ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்திருந்தது. "அம்மா ஊர்ல இல்லீங்களா? எப்ப வருவாங்க?" இது உங்களுக்கு எதற்கு என்றேன், என்னளவில் சற்றுக் கடுமையாகவே. "கோச்சுக்காதீங்க ஐயா. ஒரு ஆளுன்னா சின்ன வெந்நீர்த் தொட்டி, ரெண்டு ஆளுன்னா பெரிசு. அதுக்குத்தான் கேட்டேன்" என்றார். எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஆகவே கேட்கிறேன். சிறியதா, பெரியதா என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இன்னொன்று. ட்யாடனின் வண்டி புறப்படுமுன்பே பக்கத்து வீட்டு வில்கே அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். நம் மானியக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. "உங்க ரெண்டு பேர் பென்ஷனையும் கூட்டினா வருமான வரம்பைத் தாண்டிடுது. பாதிதான் தருவான். அவளுது மருந்துக்கடைக்காரி பென்ஷனாச்சே, கொழுத்த பென்ஷன்! அவதான் அக்கா வீட்லயே இருக்காளே, முகவரியை அங்க மாத்திப் பதிஞ்சுட்டா உன் வருமானம் மட்டும்தான் கணக்கு. எழுபது விழுக்காடு! ஆறாயிரம் யூரோ அதிகம்ப்பா, சும்மாவா?" என்றவர், மூச்சு விடாமல், "ஆமா, அவ வரமாட்டாளா?" என்றும் கேட்டார். பம்பின் இரைச்சல் போடும் வெளிப்பெட்டி தன் படுக்கையறைப் பக்கம் வரக் கூடாது என்பதற்காகப் பேச்சுக் கொடுத்தாரா, அல்லது அந்தக் கடைசிக் கேள்விக்காகவே மற்ற எல்லாவற்றையும் பேசினாரா, தெரியவில்லை. ஒரு துண்டு பிளம்ஸ் கேக் வேறு கொடுத்தார். இன்னும் சாப்பிடவில்லை.

இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்.

உன் உடல்நலம் நிலைக்க விரும்பும்,
ஹார்ட்முட்


வெர்டன், அக்டோபர் 3

அன்புள்ள ரோஸ்விதாவுக்கு,

உன் அஞ்சலட்டை வந்து சேர்ந்தது. முன்பக்கத்துக் கலங்கரை விளக்கம் அழகாக இருக்கிறது. பின்பக்கத்தில் தொட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. "வேண்டுமானால் இங்கேயே பதிந்துகொள்கிறேன். ஆறாயிரம் குறைந்த பணமல்ல" என்ற இரண்டு வரிகளும் உன் பெயரும் மட்டுமே.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்தில் நடுக்கம் இல்லை, அவசரமும் இல்லை. "வேண்டுமானால்" என்றால் யாருக்கு வேண்டுமானால்? எனக்குப் பணம் மிச்சமாகட்டும் என்று மனமிரங்கி எழுதினாயா? எப்படியும் பதியத்தான் போகிறாய், அதற்கு ஒரு நல்ல காரணம் அகப்பட்டதா? அல்லது நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறாயா? மூன்றுக்கும் அதே இரண்டு வரிகள் பொருந்துகின்றன. ஒரு தராசு மூன்று எடை காட்டினால் அதை முத்திரை வைத்து மூடிவிடுவேன். அட்டையை என்ன செய்வது?

ஆகவே ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தேன். ஹைட்ரூன்தான் எடுத்தார். நீ குளிக்கிறாய் என்றார். எப்போது முடியும் என்றேன். "இன்னைக்குப் பூரா குளிப்பா" என்றார். அந்த அட்டையை யார் எழுதச் சொன்னது என்று, தயங்கித் தயங்கித்தான், கேட்டேன். "என்ன ஆய்வாளரே, என் தங்கச்சியையும் தராசுல ஏத்திப் பாக்குறீங்களா? மூணு குளிர்காலம் அந்த பாய்லர் சூடு பத்தாம கோட்டைப் போட்டுக்கிட்டு சோறு தின்னாளே, அப்ப எங்க போச்சு உங்க தராசு? பம்பு வைக்க வந்தவன் மூணு பேரும் உங்களுக்குத் திருடன். இப்ப இவளும் திருடியா?" என்று வைத்துவிட்டார். பின்னால் குழாய்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யாரோ மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அது நீயா, உன் அக்காவின் நாயா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பாய்லர் நின்றுவிட்டது. உறுமல் கேட்காததால் நிலவறைப் படியிலிருந்தே திரும்பி ஏறிப் போய்த் தொலைபேசியை எடுத்தேன். ட்யாடன் ஒரு மணி நேரத்தில் வந்து, ஏதோ குழலைக் கழற்றி ஊதி மாட்டி மறுபடி ஓட வைத்தார். "கிறிஸ்துமஸைத் தாண்டாது ஐயா. பொய் சொல்லல" என்றார். சென்ற முறை வந்தபோது அவரே எதையாவது தளர்த்திவிட்டுப் போனாரோ என்று அவர் போன பின் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வந்ததற்கு அவர் காசும் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை?

இப்போது சிக்கல் இதுதான். விண்ணப்பத்தின் முடிவில் "மேற்கூறியவை உண்மை" என்று நான் கையெழுத்திட வேண்டும். நீ அங்கே பதிந்து அங்கேயே இருந்துவிட்டால், ஒருவர் என்று நான் எழுதுவது உண்மை. பதிந்துவிட்டு டிசம்பரில் இங்கே வந்துவிட்டால், நான் பொய்யன். பொய்யான முத்திரை ஒன்றைக்கூட நான் குத்தியதில்லை என்பது உனக்குத் தெரியும். எனவே எது உண்மையாக இருக்கப் போகிறது என்று தெரியாமல் பேனாவை எடுக்க முடியவில்லை. இது விண்ணப்பத்தில் உள்ள கேள்விதான். நான் உன்னை நெருக்குவதாக நினைக்க வேண்டாம்.

பதில் எதிர்பார்க்கும்,
ஹார்ட்முட்


வெர்டன், அக்டோபர் 21

அன்புள்ள ரோஸ்விதாவுக்கு,

உன் பதில் வரவில்லை. தபால்காரரைச் சந்தேகித்தேன். பிறகு அவரை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். குடியிருப்போர் எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக, சரிபார்க்காத ஒன்றின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வராது என்று நினைத்தேன், வந்தது.

அவர் கடைக்குப் போய்ச் சொன்னபோது ட்யாடனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயா, ஆறாயிரத்தை அல்லேர் ஆத்துல கொட்டுறீங்களே! அந்த அம்மாவே அங்க பதிஞ்சுக்கிறேன்னு சொன்னாங்கன்னீங்க!" என்று தலையில் கை வைத்தார். அவருக்கு வரவேண்டிய தொகை இரண்டு வழியிலும் ஒன்றுதான். அப்படியிருக்க எனக்காக அவர் ஏன் வருத்தப்பட வேண்டும் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். வருத்தப்பட்டார், அவ்வளவுதான் என்று கடைசியில் முடிவு செய்தேன். இந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு தெருக்கள் ஆயின.

இனிச் செய்தியின் கடினமான பகுதி. எழுபது விழுக்காடு கிடைத்திருந்தால் மீதியை நம் சேமிப்பே அடைத்திருக்கும். ஐம்பது என்றால் அடைக்காது. ஆறாயிரத்துக்குக் கடன் வாங்க வேண்டும். குறைந்த வட்டியில் தருகிறார்கள். வங்கியில் இருந்த பெண் என் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, திரையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். "எத்தனை வருஷத்துல கட்டுறீங்க சார்?" என்றாள். பத்து என்றேன். அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். தனியாக என்றால் தர முடியாதாம். "அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டா செய்துடலாம்" என்றாள். கடைசித் தவணையின்போது எனக்கு எண்பத்தேழு நடக்கும். உனக்கு எண்பத்து நான்கு.

கடன் பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இடது பக்கத்தில் இருக்கிறது. வலது பக்கம் காலி.

கையெழுத்துக்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று உனக்குத் தோன்றலாம். உன் இடத்தில் நான் இருந்தால் நிச்சயம் எனக்கு அப்படித்தான் தோன்றும். தயவுசெய்து கணக்கைப் போட்டுப் பார். "நீ அங்கேயே இரு" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு எந்தக் கடனும் தேவைப்பட்டிருக்காது. அந்த வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அவசரம் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படி. சின்ன எழுத்துகளையும் படி. எங்கே சந்தேகம் வந்தாலும் ஹைட்ரூனிடம் காட்டு, அவர் என்னைச் சும்மா விடமாட்டார். இந்தப் பத்திரம் செல்லுபடியாக நீ பத்து வருடம் இருக்க வேண்டும். அதற்கு மேலும் நீ நல்ல உடம்போடு நீடூழி இருக்க வேண்டும். நானும் முயல்கிறேன்.

என்றும் உன்,
ஹார்ட்முட்